ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்தேன் என்று நிரூபிக்க ஒன்பது மாதம்

போன வாரம்தான் பணம் கணக்கில் ஏறியது. 5,537 ரூபாய். அதற்கு ஒன்பது மாத அலைச்சல். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வீட்டில் ஃபைபர் இணைப்பு வைத்திருந்தோம். இணையத்தோடு பத்துப் பன்னிரண்டு ஓடிடி செயலிகளையும் சேர்த்துக் கட்டிய 999 ரூபாய் பிளான், ஜிஎஸ்டியோடு மாதம் 1,179. நாங்கள் பார்த்தது இரண்டே இரண்டு செயலிதான். மற்றதை எடுத்துவிட்டு இணையம் மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். “இந்த வேகத்துக்கு அப்படிப் பிளான் கிடையாது மேடம், வேண்டாம்னா சரண்டர் பண்ணிடுங்க” என்றார்கள். நான் எதைப் பார்க்க வேண்டும், எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்வதா? சரி, சரண்டர் என்றேன்.

ரவுட்டரை எடுத்துப்போக ஒரு தம்பி வந்தார். ரசீது கேட்டதற்கு “ஆப்ல அப்டேட் ஆயிடும்கா” என்று சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்டேட் ஆகவே இல்லை. ரவுட்டர் வரவில்லை என்று 2,000 ரூபாய் டெபாசிட்டை நிறுத்தி வைத்தார்கள். ரவுட்டர் வராததால் இணைப்பும் முடியவில்லையாம், ஆட்டோபேயில் மூன்று மாதம் பில் தொகையையும் எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே குறுஞ்செய்தி வந்திருக்கிறது, விளம்பரம் என்று நினைத்துத் திறக்காமல் விட்டிருக்கிறேன். இணைப்பைத் துண்டிக்கச் சொன்னால் ஆட்டோபே தானாக நிற்கும் என்று நம்பாதீர்கள். யுபிஐ செயலிக்குள் போய் நீங்களே ரத்து செய்யுங்கள், அன்றைக்கே.

புகாரில் முதலில் இரண்டு வாரம் வீணானது சாட்பாட்டில். அங்கே எத்தனை முறை புலம்பினாலும் “உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது” என்றே வரும், டாக்கெட் எண், அதாவது புகார் பதிவு எண், வராது. அந்த எண் இல்லாமல் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் 2012 விதிமுறைப்படி ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் கொடுத்தே ஆக வேண்டும், மேல்முறையீட்டை 39 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதனால் போன் செய்யுங்கள், எண்ணைச் சொல்லும்வரை வைக்காதீர்கள். எனக்கு 38-ஆம் நாள் ஒற்றை வரியில் பதில் வந்தது: ரவுட்டர் பெறப்படவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிந்தேன். அங்கேயும் அதே வரியைப் போட்டுப் புகாரை முடித்துவிட்டார்கள்.

பிறகு நானே ஒரு நோட்டீஸ் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். வந்த பதிலைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. தொலைத்தொடர்புத் தகராறு நுகர்வோர் ஆணையத்தில் வராது என்று 2009 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டியிருந்தார்கள். வழக்கு என்றால் தங்கள் தலைமையகம் இருக்கும் ஊரில்தான் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். இரண்டும் பூச்சாண்டி. ஆணையத்துக்குப் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போட வழி செய்கிறது. சேவைக்கு நாம் கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமும் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

ஆனால் ஆணையத்து கவுன்ட்டர் வேறு உலகம். முதல் நாள், பக்க எண் போடவில்லை, அஃபிடவிட்டில் நோட்டரி முத்திரை இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அரை நாள் விடுப்பு போச்சு. இரண்டாம் நாள், ஸ்கிரீன்ஷாட்டுகளுக்குச் சான்றிதழ் எங்கே என்றார் எழுத்தர். மின்னணு ஆதாரத்தோடு வைக்க வேண்டிய சான்றிதழ் அது. முன்பு 65பி பிரிவு என்பார்களே, அது இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 63(4). இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் இல்லையா என்று கேட்டேன். “நீங்க கேக்கலையே” என்றார். போகிறவர்கள் கவுன்ட்டரில் வாய்விட்டுக் கேளுங்கள்: வேறு என்னென்ன குறை சொல்வீர்கள், மொத்தமாகச் சொல்லுங்கள் என்று. மூன்றாம் நாள் மனு எண் கிடைத்தது.

எல்லாம் இருந்தும், ரவுட்டரைக் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லையே என்பதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. குடியிருப்பு வாசலில் காவலுக்கு இருக்கும் அண்ணனிடம் ஒரு நாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அட்டை கிழிந்த பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்து, விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். அந்தத் தேதி, மாலை 4.40, எங்கள் வீட்டு எண். ‘வெளியே கொண்டுபோகும் பொருள்’ என்ற கட்டத்தில் ‘ரவுட்டர் 1’. பக்கத்தில் அந்தத் தம்பியின் கையெழுத்து, நிறுவனத்தின் பெயரோடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதல் வாய்தாவில் அவர்கள் வக்கீல் அவகாசம் வாங்கினார். இரண்டாம் வாய்தாவில் நோட்டின் நகலைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சமாதானம் பேசினார். அவர் நீட்டிய தாளில் டெபாசிட் மட்டும் இருந்தது, மூன்று மாதப் பில் இல்லை. ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி மட்டும் தவறாமல் இருந்தது. அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். 3,537 ரூபாயையும் சேர்த்து, என் பெயரில் நிலுவை எதுவும் இல்லை என்று தனிக் கடிதமும் தருவதாக எழுதிய பிறகே போட்டேன். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் நாளைக்கு வசூல் ஏஜென்ட் யாராவது போன் செய்வார்.

இப்போது இணையம் மட்டும் தரும் வேறு இணைப்பு. பொருத்த வந்தவரிடம் ரவுட்டரின் சீரியல் எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வாசலில் அண்ணனும் அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.