மூன்றாம் நாள் முட்டை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை அடுத்த செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு குஞ்சு பொரிப்பகத்தில், முட்டைகளை விளக்கில் பிடித்துப் பார்த்து, வளராதவற்றை உடைத்து, கரு எந்த நாளில் நின்றுபோனது என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. மூன்றாம் நாளையொட்டி இறந்த கருவைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டியதில்லை. மஞ்சள் கருவின்மேல் சிவப்பாக ஒரு வளையம் கிடக்கும்.

அப்படியொரு வளையத்தைப் பார்த்துக்கொண்டே, லயத்திலிருந்து வேலைக்கு வரும் அக்கா ஒருவர், "குஞ்சுக்குள்ள முட்டை எப்ப தம்பி உண்டாவுது?" என்று கேட்டார். பெட்டை பருவத்துக்கு வந்த பிறகுதான் என்று சொல்ல வாயெடுத்தவன், பயிற்சியில் படித்தது நினைவுக்கு வர, நிறுத்திக்கொண்டேன்.

முட்டை தாயின் வயிற்றில் ஏறத்தாழ ஒரு நாள் இருக்கிறது. அதற்குள்ளேயே கரு பிளந்து பிளந்து, இடும்போது பல்லாயிரம் செல்கள் கொண்ட ஒரு தட்டாகிவிடுகிறது. அவற்றுள் சில பத்துச் செல்கள் மட்டுமே பின்னாளில் விந்தாகவோ சினைமுட்டையாகவோ ஆகக்கூடிய மூல இனச்செல்கள். எலியின் கருவில் அக்கம்பக்கத்துச் செல்கள் அனுப்பும் சமிக்ஞையால்தான் சில செல்கள் இந்தப் பாதைக்குத் திரும்புகின்றன. கோழியிலோ மூல இனச்செல்களின் அடையாளமான வாசா என்ற புரதம் தாயின் சினைமுட்டையிலேயே இருந்து, முதல் பிளவிலிருந்தே ஒருசில செல்களுக்கு மட்டும் பங்காகப் போய்ச் சேர்கிறது என்று 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜப்பானியரின் ஆய்வு காட்டியது. கோழி தன் பேரக்குஞ்சுக்கான சீதனத்தை முட்டைக்குள்ளேயே வைத்து அனுப்புகிறது என்றுதான் அக்காவிடம் சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போனது.

அடைகாப்பின் முதல் நாளில் இச்செல்கள் கருவின் தலைப்பக்கத்துக்கும் முன்னால், கருவுக்கு வெளியே, பிறைவடிவப் பகுதியொன்றில் கூடுகின்றன. இரண்டாம் நாளில் இரத்தக் குழாய்கள் உருவானதும் அவற்றுக்குள் நுழைந்து, புதிதாகத் துடிக்கத் தொடங்கிய இதயத்தின் ஓட்டத்திலேயே பயணம் செய்து, இரண்டரை நாள் அளவில் இனச்சுரப்பி உருவாகவிருக்கும் மேட்டில் இறங்கத் தொடங்குகின்றன. பாலூட்டிகளில் அவை குடலின் திசுவழியே ஊர்ந்து போகின்றன. இரத்தத்தில் ஏறிப் போவது பறவைகளின் வழக்கம். 1914-இலேயே ஸ்விஃப்ட் என்பவர் இதைக் கோழிக் கருவில் விவரித்திருக்கிறார். நானும் பயிற்சியின்போது ஒரு துளிக் கரு இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தேன்: சிவப்பணுக்களுக்கு இடையே உருண்டையாக, பெரிதாக, சர்க்கரைச் சேமிப்பு நிறைந்து, அவசரமில்லாதவை போல இரண்டு மூன்று செல்கள். பதிவேட்டில் நான் 'இரத்த வளையம்' என்று எழுதும் கருக்களில் பல, ஏறக்குறைய இந்தப் பயணத்தின்போதே நின்றுபோனவை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பதிவேட்டில் அதற்கென்று தனிக் கட்டம் இல்லை, இருக்கவும் தேவையில்லை.

இறங்கும் செல்களில் பெரும்பகுதி இடப்பக்கத்துக்கே போகிறது, பெட்டையில் பின்னர் இடப்பக்கச் சினையகம்தான் வேலை செய்கிறது என்றபோது, அக்கா வாளியைக் கீழே வைத்தார். கோழி அறுத்துச் சுத்தம் செய்யும்போதெல்லாம் முட்டைக்கொத்தை ஒரே பக்கத்தில்தான் பார்த்திருப்பதாகவும், அந்தக் கோழிக்கு மட்டும் ஏதோ குறை என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டதாகவும் சொன்னார்.