பல்லைப் பிடுங்கியும் போகாத வலி

பல்லைப் பிடுங்கிய பிறகும் வலி போகவில்லை என்று நரம்பியல் பிரிவுக்கு வருகிறவர்கள் உண்டு. பல் தேய்த்தால், முகம் கழுவினால், காற்று பட்டால்கூட கன்னத்தில் சுரீரென்று வெட்டும். பல்லின் வலி இல்லை, முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் ஐந்தாம் மூளை நரம்பின் வலி இது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் நரம்பை அழுத்துவதுதான் காரணம். இருபதுகளில் வந்தால் நான் வேறு காரணத்தை விடாமல் தேடுவேன்.

அப்படி வந்த ஓர் இளம்பெண்ணுக்கு, சிறுமூளையும் மூளைத்தண்டும் சேரும் மூலையில் எபிடெர்மாய்ட் கட்டி. மூளைக்கட்டிகளில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இது வரும். புற்று இல்லை. கரு உருவான 3 முதல் 5 வாரங்களுக்குள், தோலாக வேண்டிய செல்கள் உள்ளே சிக்கிக்கொண்டு, செதில்களை உதிர்த்து உதிர்த்துப் பல வருடங்களாக மெல்ல வளர்கின்றன. சி.டி.யிலும் வழக்கமான எம்.ஆர்.ஐ. படங்களிலும் நீர் நிறைந்த சாதாரணப் பை என்றே தோன்றும். நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் என்ற எம்.ஆர்.ஐ. படத்தில் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அது இல்லாத ஸ்கேனை வைத்து நான் முடிவு சொல்வதில்லை. இன்னொரு தடவை எடுக்கச் சொன்னால் குடும்பத்துக்குச் செலவுதான், ஆனாலும் கேட்டு வாங்கிவிடுவேன்.

“முழுசா எடுத்துருவீங்களா, டாக்டர்?” என்று அவருடைய அம்மா கேட்டார். “நரம்புக்கு ஆபத்து இல்லாத வரைக்கும் எடுப்போம்மா” என்றேன்.

காதுக்குப் பின்னால் சின்னதாக எலும்பைத் திறந்து சிறுமூளையை லேசாக ஒதுக்கினால், மைக்ரோஸ்கோப்பில் முத்தின் வெண்மையோடு கட்டி மின்னும். உள்ளே இருக்கும் செதில்கள் மிருதுவானவை, உறிஞ்சி எடுத்துவிடலாம். சிக்கல் கட்டியின் மெல்லிய உறையில்தான். கிடைத்த இடுக்கில் எல்லாம் நுழைந்து, நரம்புகளைச் சுற்றிக்கொண்டு இருக்கும். அன்று ஐந்தாம் நரம்பை முழுதாக விடுவித்தோம். முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பின் மேல் ஒரு துண்டு உறை ஒட்டியிருந்தது. லேசாக இழுத்ததுமே நரம்பைக் கண்காணிக்கும் மானிட்டர் சத்தம் போட்டது. “சார், இன்னும் கொஞ்சம் இருக்கே” என்றார் உதவி மருத்துவர். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வளர்வது உறைதான், தெரியும். ஆனால் திரும்ப வளரப் பல வருடம் ஆகும். முகம் கோணிப்போனால் அந்தப் பெண் நாளைக்கே கண்ணாடியில் பார்ப்பார். சிதறிய செதில்கள் மூளை உறையில் அழற்சி உண்டாக்கும் என்பதால், ஸ்டீராய்டு கலந்த திரவத்தால் அந்த இடத்தைப் பொறுமையாகக் கழுவினோம்.

மறுநாளே வலி நின்றது. வலிக்காகச் சாப்பிட்டுவந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தோம். வலிதான் இல்லையே, இனி எதற்கு ஸ்கேன் என்று வீட்டில் கேட்கிறார்களாம். விட்டு வந்த உறையைப் படத்தில் காட்டி, வருடம் ஒரு முறை வந்தே ஆகவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.