வால்டாக்ஸ் ரோட்டுப் பெரியவர்

நவம்பர் 5, செவ்வாய்

சென்ட்ரல் பக்கம் வால்டாக்ஸ் ரோட்டில் படுத்திருக்கும் பெரியவரிடம் இன்று நினைவுச் சோதனைத் தாளை எடுத்தேன். முதல் கேள்வி, இன்று என்ன தேதி.

"தேதி தெரிஞ்சி இன்னா பண்ணப் போறேன்மா?"

எத்தனையாவது மாடியில் இருக்கிறீர்கள் என்றும் ஒரு கேள்வி உண்டு. நடைபாதையில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. படம் வரையச் சொன்னால், பென்சிலே பிடித்ததில்லை என்கிறார். கண்ணாடி உடைந்து போயிருக்கிறது, தாளும் தெரியவில்லை. மொத்தம் 30க்கு 13. தாளை நம்பினால் மறதி நோய்தான். ஆனால் எந்தக் கோயிலில் எந்தக் கிழமை அன்னதானம், எங்கே வரிசை சீக்கிரம் நகரும், எல்லாம் மளமளவென்று சொல்கிறார். பாதி அட்டவணை எனக்கே தெரியாதது.

நவம்பர் 7, வியாழன்

விடாத மழை. பெரியவரின் கால் விரலிடுக்கெல்லாம் ஊறி, வெளுத்து, தோல் உரிந்து கிடந்தது. துடைத்துக்கொண்டே வந்தால் குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி. ஆணி முனை! தைத்து எத்தனை நாளோ, அவருக்கு வலிக்கவே இல்லை. சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் எடுத்தோம். ரணஜன்னி வராமலிருக்க டிடி ஊசியும் போட்டாயிற்று.

நினைவுச் சோதனைக்கு வந்துவிட்டு ஏன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று கூட வந்த பையன் கேட்டான். நியாயமான கேள்வி. சர்க்கரை ஏறி இறங்கினால் புத்தி தடுமாறும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும், அதிலும் ஞாபகம் மங்கும். போன வருஷம் பைக் இடித்துத் தலையில் அடி வேறு. இதற்கெல்லாம் மேலே தூக்கம். ராத்திரி 2 மணிக்கு யாராவது எழுப்பி விரட்டுவார்கள், விடிவதற்குள் லோடு வண்டிகள் வந்துவிடும். ஒரு வாரம் அப்படிப் படுத்தால் நானும் 13தான் வாங்குவேன்.

பி12 பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறோம்.

நவம்பர் 12, செவ்வாய்

"சொன்ன பேச்சு கேக்கறதில்ல" என்று போன இடத்திலெல்லாம் திட்டு வாங்கியிருக்கிறார். மாத்திரையைக் காலை 8, இரவு 8 என்று எழுதிக் கொடுத்தால் கடிகாரம் இல்லாதவர் என்ன செய்வார்? சரி, மணியை விட்டுவிட்டேன். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி சாப்பிட்டதும் ஒன்று, ராத்திரி சப்பாத்தி முடிந்ததும் ஒன்று.

காப்பகத்துக்கு வரச் சொன்னேன். லட்சம் பேருக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று 2010லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் கவலை வேறு: "மூட்டைய யார் பாத்துக்குவா?"

நவம்பர் 20, புதன்

மூட்டை போய்விட்டது. நடைபாதையைக் காலி செய்தவர்கள் குப்பையோடு அள்ளிப் போட்டுவிட்டார்களாம். ஓபி சீட்டு, மாத்திரை, போன வாரம் வாங்கிக் கொடுத்த செருப்பு, எல்லாம் அதில்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் அழவில்லை. "எட்டு நாளா ஒரு வேள விடல. வெள்ள மாத்திர, நீட்டா இருக்கும், நடுவுல கோடு. அதே குடுக்கச் சொல்லு. வேற குடுத்தா நான் போட மாட்டேன்."

நாளை புதுச் சீட்டு போட வேண்டும். செருப்பு எட்டாம் நம்பர்.