திரும்ப நீலமாச்சே, சார்

அந்த ஒரு மதிப்பெண்ணை நான் கொடுத்திருக்கலாம்.

உப்பு நீரில் கரைவது எந்த வகை மாற்றம் என்பது கேள்வி. வேதியியல் மாற்றம் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். உப்பில் இருக்கும் மின்னூட்டம் கொண்ட துகள்களான சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் பிரிகின்றன, பிணைப்பு அறுபடுகிறது என்று காரணமும் இருந்தது. சிவப்புப் பேனாவால் அடித்தேன். நீரை வற்றவைத்தால் அதே உப்பு கிடைத்துவிடும். பழைய பொருள் திரும்பக் கிடைத்தால் இயற்பியல் மாற்றம், கிடைக்காவிட்டால் வேதியியல் மாற்றம் என்று நான்தான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

இடைவேளையில் விடைத்தாளோடு வந்தாள். மதிப்பெண் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"சார், போன வாரம் மயில்துத்தத்தைச் சூடாக்கினோமே, வெள்ளையாச்சு. ஆறினதும் தண்ணி விட்டீங்க, திரும்ப நீலமாச்சே. அது மட்டும் ஏன் வேதியியல் மாற்றம்?"

அந்தச் சோதனை எனக்கும் நன்றாக நினைவிருந்தது. மயில்துத்தத்தின், அதாவது காப்பர் சல்பேட்டின், நீலப் படிகம் வெளுக்க வெளுக்க, அதிலிருந்து கிளம்பிய நீர் குழாயின் வாய்ப்பக்கம் துளித்துளியாகப் படிந்தது. பிறகு சொட்டு நீர் விட்டபோது, குழாய் சுடுகிறது என்று தொட்டுப் பார்த்துச் சொன்னதும் அவள்தான்.

மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. "பரீட்சைக்கு நான் சொன்னதை எழுதும்மா" என்றேன். "சரி சார்" என்று போய்விட்டாள்.

முதன்முதலில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு விதி வேண்டும். எல்லா விலக்குகளையும் முதல் நாளே கொட்டினால் எதுவும் மனதில் தங்காது. இதை இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்த விதி இரண்டு பக்கமும் ஓட்டை. கிழித்த காகிதம் பழையபடி ஆவதில்லை, இருந்தும் அது காகிதம்தான். பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே நடந்த வேதிவினை பின்னோக்கி நடக்கிறது. புதிய பொருள் உண்டானதா என்றுதான் நான் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, அப்படிக் கேட்டால் மட்டும் உப்பு விஷயம் தீர்ந்துவிடுகிறதா? அயனிகள் படிகத்திலேயே இருந்தவை, நீர் அவற்றைப் பிரித்துச் சூழ்ந்துகொள்கிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்புறம் மயில்துத்தம் நினைவுக்கு வருகிறது. அதன் நீலமே தாமிர அயனியை நீர் சூழ்ந்திருப்பதால் வருவது. அங்கே நீர் போய் ஒட்டினால் வேதியியல், இங்கே ஒட்டினால் இயற்பியல். உப்புக்கட்டி மின்சாரத்தைக் கடத்தாது, அதே உப்பு கரைந்தால் கடத்தும். கோட்டை எங்கே போடுவது? உப்பு கரைவது இயற்பியல் மாற்றம் என்றுதான் இன்றும் சொல்வேன். முன்பிருந்த உறுதியோடு அல்ல.

இந்த ஆண்டும் அதே விதியைத்தான் கரும்பலகையில் எழுதினேன். "பெரும்பாலும்" என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்தேன். அது ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்று சற்று நேரம் நின்றேன். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.