500 டாலருக்குள் ஒரு பந்தயக் கார்

அமெரிக்காவின் '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' என்ற நெடுநேரக் கார்ப் பந்தயத்தில் காருக்கான செலவு 500 டாலரைத் தாண்டக் கூடாது என்றாலும், ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் உலோகக் கூண்டு), இருக்கை, பிரேக், டயர் போன்ற பாதுகாப்புச் சாதனங்கள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே எங்கள் 1990 மாடல் மஸ்டா மியாட்டாவைப் புதுப்பித்தபோது பிரேக்குக்கே முதலில் செலவிட்டோம். மணிக்கணக்கில் ஓட வேண்டிய காருக்கு எஞ்சினின் வேகத்தைவிட அதுவே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

எஞ்சினைத் திறந்ததும் கவலை பிறந்தது. தொடக்ககால மியாட்டாக்களில் பிஸ்டன்களால் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டையானது. அங்குள்ள போல்ட் தளர்ந்தால், பற்சக்கரத்தைத் தண்டோடு பிடித்து நிறுத்தும் சிறு உலோகத் துண்டான கீயும் அது அமரும் பள்ளமும் தேய்ந்து, டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) பிசகிவிடும். எங்களுடையதிலும் பள்ளம் சற்றே அகன்றிருந்தது. பழைய கார்களைப் பிரித்து விற்கும் இடத்தில் கிடைத்த, நீண்ட முனையுடைய எஞ்சினைப் பொருத்தினோம். கழற்றிய உதிரிகளை விற்ற பணமே அதற்குக் கைகொடுத்தது.