அனுதாபச் சிரிப்பைக் கடந்து மீண்டும் மேடைக்கு

மேடையில் தனியாக நின்று பேசும் ஸ்டாண்ட்-அப் நகைச்சுவைக் கலைஞன் நான். என் முக்கால் மணி நேர நிகழ்ச்சியிலிருந்து யாரோ அரை நிமிடத்தை வெட்டிப் பரப்பினார்கள். மனைவியை இழிவாகப் பேசும் ஒரு கணவனின் குரலில் நான் பேசிய பகுதி அது. சற்று நேரத்தில் அவனுடைய வாதம் மேடையிலேயே நொறுங்கும். அதற்காகவே அதை எழுதியிருந்தேன். வெட்டியவர் அதற்கு முன்பே நிறுத்திவிட்டார். ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக ரத்தாயின.

விளக்க அறிக்கை எழுதச் சொல்லிப் பலரும் வற்புறுத்தினார்கள். எழுதினேன், ஏற்கெனவே என்னை அறிந்தவர்கள்தாம் அதைப் படித்தார்கள். பயன்பட்டது வேறொன்று: முழு நிகழ்ச்சியின் பதிவை அப்படியே வெளியிட்டது. பொதுமக்களில் மிகச் சிலரே அதைப் பார்த்தார்கள். ஆனால் ஏற்பாட்டாளர்கள் பார்த்தார்கள். அரங்க உரிமையாளரும் விளம்பரதாரரும் கேள்வி கேட்டால் காட்டுவதற்கு அவர்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். இதே நிலையில் இருப்பவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

பிறகு ஓப்பன் மைக்: யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசிப் பார்க்கும் நிகழ்ச்சி. பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிடைப்பது ஐந்து நிமிடம், நேரம் முடியப்போகிறது என்றால் அரங்கின் பின்பக்கம் விளக்கு எரியும், ஊதியம் கிடையாது. தனி நிகழ்ச்சி நடத்தியவன் அங்கே நிற்பதைப் பார்த்துச் சக கலைஞர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜெர்ரி சைன்ஃபெல்ட் தொலைக்காட்சிப் புகழின் உச்சியில் இருந்தபோதே, 1998-இல் தன் பழைய நகைச்சுவைகளை ஒதுக்கிவிட்டுச் சிறிய கிளப்களில் புதிதாகத் தொடங்கினார். எழுதியது நிற்குமா என்று தெரிந்துகொள்ள வேறு இடம் இல்லை.

என் பெயரை அறிவித்ததுமே அறையில் ஓர் இறுக்கம் பரவியது. அதைத் தளர்த்த, நடந்ததைப் பற்றி இரண்டு வரி சொன்னேன். பெரும் சிரிப்பு, கைதட்டல். அடுத்த மேடையிலும் அப்படியே. மெல்ல மெல்ல அந்த இரண்டு வரிகள் ஐந்து நிமிடத்தையும் எடுத்துக்கொண்டன.

ஒலிப்பதிவுகளைக் கேட்டபோதுதான் ஒன்று புலப்பட்டது. நல்ல பஞ்ச்லைனுக்கான, அதாவது நகைச்சுவையை முடிக்கும் வரிக்கான, சிரிப்பு அதன் கடைசிச் சொல்லுக்குப் பிறகு வெடிக்கும். எனக்குக் கிடைத்த சிரிப்போ பாதி வாக்கியத்திலேயே வந்துகொண்டிருந்தது. அது நகைச்சுவைக்கானது அல்ல; இறுக்கம் தளர்ந்த நிம்மதி, கூடவே கொஞ்சம் அனுதாபம். என்னை அறியாதவர்கள் முன் அதே வரிகளைச் சொல்லிப் பார்த்தேன். அறை அசையவே இல்லை.

அன்றே அந்தப் பகுதி முழுவதையும் நீக்கினேன். பெயரை மட்டும் சொல்லி அழைக்கும்படி தொகுப்பாளர்களைக் கேட்டுக்கொண்டேன். அறிமுகமில்லாத அறைகளைத் தேடிப் போனேன். ஓப்பன் மைக்கில் முன்வரிசையை நிரப்புவது பெரும்பாலும் தம் முறைக்குக் காத்திருக்கும் கலைஞர்கள்தாம். அவர்களுடைய சிரிப்பையும் கணக்கில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு பதிவிலும் சிரிப்பு விழுந்த இடத்தை வரிவரியாகக் குறித்தேன். வெவ்வேறு அறைகளில் தாக்குப்பிடித்த வரிகளே மிஞ்சின.

அந்த நாட்களில் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் ப்ரையரைப் பற்றி அடிக்கடி நினைத்தேன். 1967-இல் லாஸ் வேகாஸ் மேடையிலிருந்து பாதியில் இறங்கிப் போனவர் அவர். பின்னர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் சில காலம் தங்கி, தான் வளர்ந்த சூழலின் மனிதர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 1970-களில் அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது அந்தப் புதிய குரல்தான்.

யாரும் வெட்ட முடியாதபடி எழுது என்று நண்பர்கள் சொன்னார்கள். முயன்றேன். பாத்திரம் பேசும்போதே மறுப்பையும் நுழைத்தால் சிரிப்பு செத்துவிடுகிறது. பார்வையாளர் ஒரு கணம் அந்த மனிதனை நம்ப வேண்டும். அந்த இடைவெளியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதற்குப் பதிலாக, அமெரிக்காவின் டேவ் ஷப்பெல் போன்ற நகைச்சுவைக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளில் செய்வதுபோல, கைப்பேசிகளைப் பூட்டிய பைகளில் வைக்கும் முறையை ஏற்பாட்டாளர்களிடம் கேட்கிறேன். முடியாத இடங்களில் என் சொந்தப் பதிவாவது முழுமையாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

பிறருடைய நிகழ்ச்சிகளில் தொடக்கக் கலைஞராகப் பேசினேன், பின்பு நால்வர் பங்கேற்கும் மேடைகளில். இப்போது மீண்டும் தனி நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்கிறது. அன்று ரத்து செய்தவர்களில் சிலர் திரும்ப அழைத்தார்கள், சிலர் இன்னும் அழைக்கவில்லை. யார் அழைத்தாலும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைக் கேட்டு வாங்குகிறேன்: சர்ச்சை எழுந்தால், முழுப் பதிவையும் பார்த்த பிறகே ரத்து செய்வது பற்றிப் பேச வேண்டும்.