எழுத்தில்லாமல் ஒரு பாதுகாப்பு அட்டை

விமானத்தில் முன் இருக்கையின் பைக்குள் ஒரு அட்டை இருக்குமே, பெல்ட் போடுவது, ஆக்சிஜன் மாஸ்க் மாட்டுவது, அவசர வழி எல்லாம் படமாக? அப்படி ஒன்றை வரையும் வேலை போன வருடம் எனக்குக் கிடைத்தது. ஏர்பஸ் ஏ320க்கான அட்டை. நான்கு கதவுகள், இறக்கைமேல் நான்கு அவசர வழிகள். ஏ321க்கு வழிகளே வேறு என்பதால் அட்டையும் வேறு. எந்த மொழிக்காரருக்கும் புரிய வேண்டும், படத்தில் எழுத்தே கூடாது என்றார்கள்.

குன்னூர் வீட்டில் உட்கார்ந்து மூன்று வாரத்தில் முதல் வரைவை முடித்தேன். பெல்ட், அவசரச் சறுக்கில் இறங்குவது, ஹீல்ஸ் செருப்பைக் கழற்றுவது எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. விமானமே ஏறாதவர் யாரிடமாவது காட்ட வேண்டும் என்று தோன்றியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். எஸ்டேட்டில் 30 வருடம் கொழுந்து பறித்தவர்.

மாஸ்க் படத்தில் அவர் விரல் நின்றது. "ஏன் கண்ணு, பிள்ளைக்குப் போடாம தாய்க்காரி தனக்கு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா? மாத்தி வரைஞ்சிட்டியா?"

சரி, காரணத்தைச் சொன்னேன். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருப்பதைவிடக் குறையாதபடி வைத்திருப்பார்கள். ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி, தொட்டபெட்டா உச்சி 8,650. இரண்டுக்கும் நடுவில் நிற்பது போலத்தான். அந்த அழுத்தம் திடீரென்று போய்விட்டால் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் நினைவு தடுமாறும். தாய் மயங்கிவிட்டால் பிள்ளைக்கு யார் மாட்டுவது?

"அதைப் படத்துல சொல்லு" என்றார்.

நான் எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்கியிருந்தேன். இடத்தை மிச்சம் பிடிக்கப் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு இப்போது அதில் உடன்பாடில்லை. மூன்றாகப் பிரித்தேன். கை மாஸ்க்கைக் கீழே இழுக்கிறது. இழுத்தால்தான் ஆக்சிஜன் வரத் தொடங்கும். தாய் மாட்டிக்கொள்கிறாள். அடுத்து அவள் கைகள் பிள்ளையின் முகத்தில்.

லைஃப் ஜாக்கெட் படம்தான் என்னைப் பயமுறுத்தியது. விமானத்துக்குள் காற்றடைக்கக் கூடாது என்பதற்காக மூலையில் சின்னதாகச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தேன். பெரியம்மா அதை "இங்கதான் செய்யணும்" என்று படித்தார். பேங்க்கில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அதே குறியைத்தானே போட்டுத் தருகிறார்கள்! 1996-இல் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் கொமொரோஸ் தீவுகளின் கரையோரக் கடலில் விழுந்தபோது, உள்ளேயே காற்றடைத்துக்கொண்ட பலர் தண்ணீர் ஏறியதும் கூரையோடு மிதந்து வெளியேற முடியாமல் இறந்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் உள்ளே காற்றடைக்கும் படம் முழுவதன் மேலும் மூலைக்கு மூலை குறுக்குக் கோடு அடித்து, பக்கத்திலேயே கதவுக்கு வெளியே வந்து காற்றடைப்பவரை வரைந்தேன்.

ஆறாவது வரைவில் நான் வாயே திறக்கவில்லை. நிலைப்படியில் இரண்டு காகித டீ கப்பை எலாஸ்டிக்கில் தொங்கவிட்டு, அட்டையை மட்டும் கையில் கொடுத்தேன். பெரியம்மா நிதானமாகப் பார்த்தார். ஒரு கப்பைச் சட்டென்று இழுத்துத் தன் மூக்கில் வைத்துக்கொண்டார். அப்புறம் பேரனை இழுத்து மடியில் உட்காரவைத்து, மற்றதை அவன் முகத்தில் அழுத்தினார்.

அன்று மாலையே ஃபைலை அனுப்பிவிட்டேன்.